பராசக்தி யார் பேச்சு? பழைய அரசியல் படத்தை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு

யாங்கோனில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தமிழ்ப் படம் போடுவோம். வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். பாதிப்பேர் இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகள், தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் திணறுவார்கள். 1952-ல் வந்த பராசக்தியை முதன்முதலில் போட்ட அன்று நான் ஒரு பெரிய மனுஷத்தனம் செய்தேன். படம் தொடங்குவதற்கு முன்னால் எழுந்து நின்று, இது இயக்குநர்கள் கிருஷ்ணன் பஞ்சுவின் பகுத்தறிவுக் கொள்கையைச் சொல்லும் படம் என்று அறிமுகம் கொடுத்தேன். பின்னால் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இவங்க மொதல்ல எடுத்த படம் பூம்பாவை. திருஞானசம்பந்தர் எலும்பைப் பொண்ணாக்குன கதை. அது யாரு கொள்கை?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நல்லவேளை, கரண்ட் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். "இந்தப் படத்தில் இருப்பது இயக்குநரின் கொள்கையா?" என்று கேட்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைப் பராசக்தியை வைத்தே எழுதுகிறேன். ரங்கூனில், அதாவது நம் யாங்கோனில், தொடங்குகிற கதை என்பதால் நமக்கு அதில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

முதலில் படத்தை முழுசாகப் பாருங்கள்

மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். வசனத் துண்டுகளை மட்டும் போனில் பார்த்துவிட்டு வந்து கருத்துச் சொல்லாதீர்கள். கோர்ட் காட்சியைத் தனியாகப் பார்த்தவர்களுக்கு அது ஒரு மேடைப் பேச்சு. முழுப் படமும் பார்த்தவர்களுக்கு அது ஓர் அண்ணனின் அழுகை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் நேரம். சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் என்ற மூன்று அண்ணன் தம்பிகள் ரங்கூனில் வசதியாக இருக்கிறார்கள். தங்கை கல்யாணி மதுரையில் அப்பாவோடு இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்குப் போக ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது, சின்னவன் குணசேகரன் கப்பல் ஏறுகிறான். கப்பல் போய்ச் சேர மாதக்கணக்காகிவிடுகிறது. அதற்குள் கல்யாணியின் புருஷனும் போய், அப்பாவும் போய், அவள் கைக்குழந்தையோடு இட்லிக் கடை வைத்துப் பிழைக்கிறாள். குணசேகரன் சென்னையில் பணத்தைப் பறிகொடுத்துப் பைத்தியக்காரன் வேஷம் போட்டு அலைகிறான். ரங்கூனில் குண்டு விழுந்து மற்ற இரண்டு பேரும் நடந்தே கிளம்புகிறார்கள். ஒருவன் திருச்சியில் ஜட்ஜ் ஆகிறான், இன்னொருவன் கால் போய்ப் பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். கோயில் பூசாரி கல்யாணியிடம் தவறாக நடக்கப் பார்க்க, வெறுத்துப்போன அவள் குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகப் போய்ப் பிடிபட்டு, ஜட்ஜான சொந்த அண்ணன் முன்னாலேயே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். அதே கோர்ட்டில் குணசேகரனும் கூண்டேறிப் பேசுகிறான். குழந்தை பிழைத்துக்கொள்கிறது, பயப்படாதீர்கள்.

பேர் போடும் இடத்தில் நிறுத்துங்கள்

பிள்ளைகள் வேகமாகத் தள்ளிவிட்டுப் போவது இந்த இடத்தைத்தான். நிறுத்தி நாலு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூலக்கதை யாருடையது, வசனம் யார், இயக்கம் யார், பணம் போட்டது யார்.

பராசக்திக்கு மூலம் பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம். திரைக்கதை வசனம் மு. கருணாநிதி. இயக்கம் ஆர். கிருஷ்ணன், எஸ். பஞ்சு என்ற இரட்டையர். தயாரிப்பு நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள், கூடவே ஏவி. எம். மெய்யப்பச் செட்டியார். இப்போதே பாருங்கள், "இயக்குநரின் கொள்கை" என்று ஒருமையில் கேட்ட கேள்வி ஆட்டம் கண்டுவிட்டது. இயக்குநரே இரண்டு பேர், கதையோ மூன்றாவது ஆளுடையது, வசனம் நாலாவது ஆளுடையது.

பாட்டு எழுதியவர்களையும் விட்டுவிடாதீர்கள். திராவிட நாட்டை வாழ்த்தும் பாட்டு பாரதிதாசனுடையது. கருணாநிதி இருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் கொள்கை படத்தில் பச்சையாக வருகிற இடம் அதுதான், அது வசனகர்த்தா எழுதியதும் இல்லை, இயக்குநர் எழுதியதும் இல்லை. அதே படத்தில் சென்னையின் ஏழ்மையைப் பார்த்துக் குணசேகரன் பாடுவது பாரதியாரின் நெஞ்சு பொறுக்குதில்லையே. பாரத நாட்டைப் பாடிய கவிஞரும் திராவிட நாட்டைப் பாடிய கவிஞரும் ஒரே படத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கொள்கைப் பெட்டியில் இதையெல்லாம் எப்படி அடைப்பீர்கள்?

வருஷத்தைச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள்

இதற்கு ரொம்ப நேரம் வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு போதும். திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது 1949. படம் வந்தது 1952 தீபாவளிக்கு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்து, ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கழகம் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை, முதன்முதலாக நின்றது 1957-ல். ஆட்சிக்கு வந்தது 1967-ல். தனித் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது 1963-ல். அதாவது தேர்தலில் நிற்காத ஒரு கட்சிக்கு அன்றைக்கு மேடையும் நாடகமும் சினிமாக் கொட்டகையும்தான் சட்டசபை. படம் ஏன் இவ்வளவு பேசுகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியே பாதிப் பதில்.

படம் வெளிவந்த பிறகு தடை செய்ய வேண்டும் என்று கூச்சல் எழுந்தது, அரசாங்கமும் யோசித்துப் பார்த்தது, கடைசியில் ஓடியது. தணிக்கைக்காரர்களைப் பற்றி இதற்கு மேல் போக வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், எந்தப் பழைய அரசியல் படமும் சொல்ல நினைத்தது முழுவதையும் சொன்ன படம் இல்லை.

இயக்குநரையும் எழுத்தாளரையும் தனித்தனியாகப் பின்தொடருங்கள்

தாத்தா என்னை மடக்கியது இந்த இடத்தில்தான், இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் கிருஷ்ணன் பஞ்சு எடுத்த படங்கள். 1944-ல் பூம்பாவை, பக்திப் படம், மயிலாப்பூரில் சம்பந்தர் பதிகம் பாடி எலும்பைப் பெண்ணாக்கும் அற்புதம். 1949-ல் நல்லதம்பி, அண்ணாதுரை எழுதியது, என். எஸ். கிருஷ்ணன் நடித்தது, சீர்திருத்தப் படம். 1952-ல் பராசக்தி. 1954-ல் ரத்தக்கண்ணீர், எம். ஆர். ராதா மேடையில் ஊர் ஊராக ஆடிய நாடகம், எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. 1964-ல் சர்வர் சுந்தரம், ஹோட்டல் சர்வர் சினிமா நடிகனாகும் கதை. 1965-ல் குழந்தையும் தெய்வமும், தலைப்பிலேயே சாமி. இந்த வரிசையை ஒரு கொள்கைக் கயிற்றில் கோக்க முடியுமா? எழுதுகிறவர் பக்திக்காரர் என்றால் படம் பக்தியாக இருக்கிறது, கழகத்துக்காரர் என்றால் கழகப் படமாக இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகத் தைத்துக் கொடுக்கும் நல்ல தையற்காரர்கள் மாதிரி. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் மனசுக்குள் என்ன நம்பினார்கள் என்பது வேறு விஷயம், படவரிசையை வைத்துச் சொல்ல முடிவது இவ்வளவுதான்.

வலது பக்கம் கருணாநிதி வசனம் எழுதிய படங்கள், வேறு வேறு இயக்குநர்கள் எடுத்தவை. 1950-ல் மந்திரி குமாரி. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வந்த வெள்ளைக்காரர், தமிழ் தெரியாதவர். பாதியில் அவர் போன பிறகு மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் முடித்தார். அந்தப் படத்தில் வில்லன் யார்? ராஜகுரு. அரசனையே ஆட்டிவைக்கும் குருவும் அவருடைய மகனும். தமிழ் தெரியாத ஒஹாயோக்காரருக்குத் தமிழ்நாட்டுக் கோயில் அதிகாரத்தின் மேல் என்ன கோபம் இருக்க முடியும்? 1954-ல் மனோகரா, இயக்கம் எல். வி. பிரசாத். பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகம்தான், ஆனால் சங்கிலியில் கட்டுண்டு தர்பாரில் நிற்கும் மகன் பேசுவதைக் கேளுங்கள், பராசக்தி கோர்ட்டில் கேட்ட அதே அடுக்குமொழி, அதே மூச்சு.

ஆக இடது பக்கத்தில் இயக்குநர் மாறாமல் கொள்கை மாறுகிறது. வலது பக்கத்தில் இயக்குநர் மாறியும் குரல் மாறவில்லை. என் முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பராசக்தியில் இருப்பது எழுத்தாளரின் கொள்கை. அந்தக் காலத்தில் வசனத்தைத் தனியாகப் புத்தகமாகப் போட்டும் இசைத்தட்டாக அடித்தும் விற்றார்கள், அதை ஜனங்கள் வாங்கி மனப்பாடம் செய்தார்கள். படமே இல்லாமல் வசனம் மட்டும் ஊர் சுற்றியது என்றால் யாருடைய சரக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன முடிச்சு. பராசக்தியைத் தயாரித்த பி. ஏ. பெருமாளின் நேஷனல் பிக்சர்ஸ்தான் ரத்தக்கண்ணீரையும் தயாரித்தது. இரண்டு படத்துக்கும் எழுத்தாளர்கள் வேறு, இருவரும் திராவிட இயக்கத்தில் ஊறியவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் போட்ட கை ஒன்றுதான். குணசேகரனாக நடித்த அறிமுக நடிகர் வி. சி. கணேசனை மாற்றிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது பிடிவாதமாக வேண்டாம் என்று நின்றதும் அந்தக் கைதான், இல்லையென்றால் நமக்குச் சிவாஜி எப்போது கிடைத்திருப்பாரோ. எனவே தாளின் ஓரத்தில் தயாரிப்பாளருக்கும் ஒரு மூலை ஒதுக்கி வையுங்கள்.

இயக்குநரே பேசுகிற படமும் உண்டு

எல்லாப் பழைய படத்துக்கும் இதே பதில் என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். 1939-ல் கே. சுப்ரமணியம் எடுத்த தியாக பூமியைப் பாருங்கள். கதை கல்கியுடையது, ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் தயாரானது. ஆனால் அதற்கு முன்னால் சுப்ரமணியம் எடுத்த பால யோகினி (1937) சாதிக் கொடுமையையும் விதவைகள் நிலையையும் பேசியது, சேவாசதனம் (1938) சின்னப் பெண்ணைக் கிழவனுக்குக் கட்டிக் கொடுப்பதைப் பேசியது. தியாக பூமியில் சாவித்திரி புருஷனோடு வாழ மறுத்து, அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள், கடைசியில் சுதந்திரப் போராட்டத்தில் இறங்குகிறாள். 1940-ல் பிரிட்டிஷ் அரசு படத்தையே தடை செய்தது. இங்கே இடது பக்கத் தாளில் ஒரே கோடு நேராக ஓடுகிறது. காந்தி வழி, காங்கிரஸ் வழி, பெண்கள் விடுதலை. இதற்கு இயக்குநரின் கொள்கை என்று தைரியமாகப் பெயர் வைக்கலாம்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

சரி, பராசக்தியில் இயக்குநர்கள் என்னதான் செய்தார்கள்? இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கோர்ட் காட்சியைச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பாருங்கள். எங்கள் மாடியில் செய்தபோது முதல் இரண்டு நிமிஷம் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அடங்கிவிட்டார்கள். சிவாஜியின் கழுத்து நரம்பு, புருவம், கூண்டின் கம்பியில் ஊன்றிய கை, இவைதான் கண்ணில் பட்டன. கேமரா அதிகம் அலையவில்லை, நடிகனுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. மேடை நாடகத்தில் முதல் வரிசை டிக்கெட் வாங்கியவன் எங்கே உட்கார்ந்திருப்பானோ அங்கே நிற்கிறது. பஞ்சு இந்தப் படத்துக்கு எடிட்டரும்கூட, பஞ்சாபி என்ற பெயரில். எந்த வசனத்துக்கு அடுத்து யார் முகத்தைக் காட்டுவது என்று வெட்டி ஒட்டியது அவர் கைதான். எழுத்தாளரின் கொள்கை மூன்று மணி நேரம் சலிக்காமல் ஜனங்கள் காதில் ஏறுவதற்கு அந்தக் கத்தரிக்கோல் ஒரு காரணம். அதைக் கொள்கை என்று நான் சொல்ல மாட்டேன், தொழில் சுத்தம் என்பேன்.

பாத்திரம் பேசுவதும் படம் பேசுவதும் ஒன்றில்லை

குணசேகரன் ஆவேசமாகப் பேசுவதை அப்படியே படத்தின் கொள்கை என்று எழுதிவிடாதீர்கள். கதை யாருக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். பூசாரியைத் தண்டிக்கிறது, பணக்காரக் கபடத்தைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கிறது, பிச்சைக்காரனுக்கு மரியாதை கொடுக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கல்யாணி இளம் விதவை. சுயமரியாதை இயக்கம் மேடைக்கு மேடை விதவை மறுமணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. படமோ அவளுக்கு மானத்தைக் காக்கும் வேலையைத்தான் கொடுக்கிறது, உயிரைக் கொடுத்தாவது கற்பைக் காக்கும் பழைய கதாநாயகியாகவே வைத்துக்கொள்கிறது. வசனம் ஒரு பக்கம் ஓடுகிறது, கதையின் பழைய பழக்கம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. நான்கு தடவை பார்த்த பிறகும் எனக்கு இந்த இழுபறிதான் படத்தின் ருசியான இடம்.

நடிகரை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். கோயிலைக் கேள்வி கேட்ட அதே சிவாஜி சில வருஷத்தில் திருப்பதி போய் வந்து கழகத்துக்காரர்களிடம் திட்டு வாங்கி, பிறகு காங்கிரஸ் பக்கம் நின்றார். ஞானசேகரனாக நடித்த எஸ். எஸ். ராஜேந்திரனோ கழகத்திலேயே இருந்து 1962-ல் தேனியில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார்.

ரங்கூனை நம் கண்ணால் பாருங்கள்

சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது தேவைப்படாது, நமக்குத் தேவை. படத்தில் ரங்கூன் என்பது வசதியான அண்ணன் தம்பிகளின் வீடு, குண்டு விழும் ஊர், அவ்வளவுதான். கதை கப்பலேறி மதுரைக்கும் திருச்சிக்கும் ஓடிவிடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ரங்கூன் வேறு. அரிசி ஆலை, துறைமுகத்தில் மூட்டை, வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை, 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியர்களுக்கும் நடந்த கலவரம். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அடுத்த மார்ச்சில் ஜப்பான்காரன் ஊருக்குள் வந்துவிட்டான். லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். எங்கள் பெரிய ஆயா ப்ரோம் வரை வந்து, அங்கிருந்து அரக்கான் மலை ஏறி அக்யாப் போய்ச் சேர்ந்தவர். வழியில் காலராவில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லும்போது ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும், அழாது. சந்திரசேகரனும் ஞானசேகரனும் நடந்து போகிற காட்சி திரையில் சட்டென்று முடிந்துவிடும், எங்கள் மாடியில் மட்டும் யாராவது ஒருவர் தன் வீட்டுக் கதையை ஆரம்பித்து அரை மணி நேரம் படம் நிற்கும்.

இதை வைத்து, பர்மாக் கூலிகளை மறைத்துவிட்டார்கள், இது இயக்குநரின் வர்க்கப் பார்வை என்று எழுத ஒரு பையன் துடித்தான். நான் தடுத்தேன். விட்டுப்போனது வேறு, மறைத்தது வேறு. மூலநாடகத்தில் இருந்ததா, ஸ்டூடியோ செட்டுக்குக் கட்டுப்படியானதா, எழுத்தாளரின் கண் மதுரைக் கோயில் வாசலில் மட்டும் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. கேள்வியாக எழுது, தீர்ப்பாக எழுதாதே என்றேன். "அப்படின்னா எப்பத்தான் தீர்ப்பு எழுதுறது அண்ணே?" என்றான். நியாயமான கேள்விதான்.

எழுதும்போது

ஒரு பக்கம் எழுதினால் போதும். "இந்தப் படத்தின் கொள்கை" என்று தொடங்காமல் ஆளையும் வேலையையும் வைத்துத் தொடங்குங்கள். இன்னார் எழுதினார், இன்னார் வெட்டினார், இன்னார் பணம் போட்டார், இன்னார் தடை செய்யப் பார்த்தார். வினைச்சொல் சரியாக விழுந்தால் கொள்கை யாருடையது என்பது தானாக வெளியே வந்துவிடும். சிலை பின்னாலிருந்து குரல் வரும் காட்சியைப் பற்றிக் கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள். அம்பாள் பேசுகிறாள் என்று பூசாரி நடுங்க, பேசியது குணசேகரன். இந்தக் கட்டுரையின் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

போன மாதம் வந்த ஒரு பதினேழு வயதுப் பெண், தமிழ் எழுத்து வராததால் பேர் போடும் இடத்தில் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நாலு பேரையும் பர்மிய எழுத்தில் வட்டம் வட்டமாக எழுதி வைத்துக்கொண்டாள். படம் முடிந்து எல்லோரும் சமோசா தின்றுகொண்டிருந்தபோது அந்தத் தாளை நீட்டி, நாலாவது பேரில் விரலை வைத்து, "அண்ணே, பெருமாள்னா சாமி பேருதானே, அவரா இந்தப் படத்துக்குக் காசு போட்டாரு?" என்றாள். பின்னால் இருந்த தாத்தாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.